திருவிழாவுக்கும் மதிப்பெண்ணா?

என்னைப் போன்ற அம்மாக்களே, அப்பாக்களே,

பொங்கலுக்கு முன்பு ஒரு வார இறுதியில் மயிலாப்பூர் வடக்கு மாடவீதியில் வண்டிகளை நிறுத்திவிட்டு, தெருவைக் கோலத்துக்குக் கொடுத்துவிடுகிறார்கள். சுந்தரம் ஃபைனான்ஸ் ஆதரவில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் மயிலாப்பூர் திருவிழா அது. கபாலீசுவரர் கோயிலைச் சுற்றிப் பாட்டு, நாட்டியம், நாட்டுப்புறக் கலை, பழைய தெருக்களின் கதை சொல்லும் நடை என்று நான்கு நாளும் ஏதாவது இருக்கும். தாயக்கட்டமும் பல்லாங்குழியும் திண்ணையை விட்டு வெளியே வந்திருக்கும். கோலப் போட்டிக்குத் தார்ச்சாலையில் கட்டம் கட்டமாகக் கோடு கிழித்து ஆளுக்கு ஒரு கட்டம் கொடுப்பார்கள். பாட்டிகள், கல்லூரிப் பெண்கள், பள்ளிப் பிள்ளைகள், சில ஆண்கள்கூடக் குனிந்து புள்ளி வைப்பார்கள். நம் ஊரில் நடக்கும் நல்ல காரியங்களில் ஒன்று அது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நடைபாதையில் நிற்கும் நம்மைப் பற்றித்தான் எனக்குக் கவலை. ஒன்பது பத்து வயதுப் பெண் ஒருத்தி பட்டுப்பாவாடையை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "மூணாவது வரிசையில ஒரு புள்ளி விட்டுட்டே, பாரு" என்று அம்மா குரல் கொடுப்பாள். "பக்கத்துல இருக்கிற பொண்ணு முடிக்கப்போறா, சீக்கிரம்" என்பார் அப்பா, கைபேசியில் படம் எடுத்தபடியே. பிள்ளை ஒரு கணம் தலைதூக்கிப் பக்கத்துக் கட்டத்துப் பாட்டி இழை இழுப்பதை வாய் பிளந்து பார்ப்பாள். "அங்க என்ன வேடிக்கை? உன்னோடதைப் பாரு." நேரம் முடிந்து, பரிசு இல்லை என்று தெரிந்ததும் ஆட்டோ பிடித்து அபாகஸ் வகுப்புக்கு ஓட்டம். அந்தப் பாட்டியின் கோலத்தை முழுதாகப் பார்க்கக்கூடக் குழந்தைக்கு நேரமில்லை.

அந்தக் குழந்தை அன்று போய்வந்தது திருவிழாவுக்கா, இன்னொரு தேர்வுக்கா?

போட்டி நடத்துகிறவர்கள் மேல் எனக்குக் குறையில்லை. ஜனங்களைத் தெருவுக்கு வரவழைக்க அவர்கள் திறந்து வைத்த வாசல் அது. வாசல் வழியாக உள்ளே போகாமல், அங்கேயே மதிப்பெண் பட்டியலை எடுத்துக்கொண்டு நிற்பது நாம்தான். நாம் என்று சொல்வதில் நானும் இருக்கிறேன். அந்த நடைபாதையில் உங்கள் தோளை உரசிக்கொண்டு நிற்கிறவள்தான் நானும்.

நம் எண்ணத்தில் குற்றமில்லை. "நம்ம பண்பாடு விட்டுப்போயிடக் கூடாது" என்ற பயம் நம் எல்லோருக்கும் உண்டு. அமெரிக்காவில் இருக்கும் அத்தை பிள்ளைகள் திருவாசகம் சொல்கிறார்கள், கபாலி கோயில் கோபுரம் தெரியும் வீட்டில் இருக்கும் நம் பிள்ளைக்கு ஒரு வரி தெரியவில்லையே என்று உறுத்தும். அந்த உறுத்தலுக்கு நமக்குத் தெரிந்த ஒரே மருந்து வகுப்பு. அடையாறில் ஒரு சாதாரண அடுக்குமாடி வீட்டின் குளிர்சாதனப் பெட்டிக் கதவைப் பாருங்கள். காந்தம் வைத்து ஒட்டிய அட்டவணை இருக்கும். திங்கள் வாய்ப்பாட்டு, செவ்வாய் பரதம், புதன் கணக்கு டியூஷன், வியாழன் சுலோகம், வெள்ளி மறுபடி பரதம், சனி செஸ். ஞாயிறு காலி என்று நினைத்தால், அன்றுதான் ஒப்பித்தல் போட்டி. விருந்தாளி வந்தால், "மாமாவுக்கு ஒரு பாட்டு பாடிக் காட்டு, கண்ணா." பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டு பாடும். மாமா கைதட்டுவார். "இன்னும் ஸ்ருதி கொஞ்சம் சேரணும்" என்று நாமே முந்திக்கொண்டு சொல்லிவிடுவோம்.

யாரும் கேட்காமல், குளிக்கும்போதோ செருப்பு மாட்டும்போதோ, அந்தப் பிள்ளை தானாக ஒரு பாட்டை முணுமுணுத்து நீங்கள் கடைசியாகக் கேட்டது எப்போது?

லஸ் பக்கம் நாகேஸ்வர ராவ் பூங்காவில் மாதத்தில் ஒரு ஞாயிறு காலை, ஒலிபெருக்கி இல்லாமல், இளம் பிள்ளைகள் கச்சேரி செய்கிறார்கள். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் அப்படியே உட்கார்ந்து கேட்பார்கள். மரத்தில் காகம் கத்தும், வெளியே பேருந்து ஹாரன் கேட்கும், பிள்ளை அதற்கு மேலே பாடும். எவ்வளவு நல்ல இடம் அது! யாரும் மதிப்பெண் போடாத மேடை. அங்கேயும் முன்வரிசையில் உட்கார்ந்து விரலால் தாளம் போட்டுக்கொண்டு, பிள்ளை கண் நம்மைச் சந்திக்கும்போதெல்லாம் புருவத்தை உயர்த்துகிறோமே, அது எதற்கு?

கொலு விஷயத்துக்கு வருகிறேன். அதைச் சொல்லாமல் விட மனமில்லை. நாம் சிறுவர்களாக இருந்தபோது படியில் உட்காரும் பொம்மைகள் பெரியவர்களுடையவை, தரையில் இருக்கும் 'பார்க்' நம்முடையது. நவராத்திரிக்கு முன்பே மண் பரப்பிக் கடுகோ கேழ்வரகோ தூவி, தினமும் தண்ணீர் தெளித்து, முளை விட்டதா என்று காலையில் எழுந்ததும் ஓடிப் பார்ப்போம். உடைந்த கண்ணாடித் துண்டு குளமாகும். தீப்பெட்டி வீடாகும். பிளாஸ்டிக் வாத்து அளவுக்கு மீறிப் பெரியதாக இருக்கும். யாரும் கவலைப்பட மாட்டார்கள். பரணிலிருந்து மரப்பாச்சியை இறக்கித் துடைத்து, பழைய துணியில் சுற்றிய செட்டியார் பொம்மையை வெளியே எடுத்து, மூக்கு உடைந்த பொம்மையைப் பின்வரிசையில் ஒளித்து வைப்பது வரை எல்லாவற்றிலும் நம் கை இருந்தது.

இப்போது மாடவீதிக்குப் போய்ப் புது செட் பொம்மை வாங்குகிறோம். இந்த ஆண்டுக் கருப்பொருள் என்ன என்று முந்தின மாதமே முடிவாகிவிடும். விளக்கு அலங்காரம், பின்னணித் திரை, பெயர்ப் பலகை. அடுக்குமாடிச் சங்கத்தின் 'சிறந்த கொலு' பரிசு வேறு இருக்கிறது. பிள்ளை பக்கத்தில் வந்தால் நம் வாயில் வரும் முதல் சொல் "தொடாதே, உடைஞ்சிடும்". பிறகு, விருந்தாளிகள் வந்ததும், "வா, தசாவதாரம் பேரைச் சொல்லு" என்று கூப்பிடுகிறோம்.

தொடக்கூட விடாத ஒன்றை அந்தப் பிள்ளை நாளைக்குத் தன் வீட்டில் எப்படி எடுத்து வைக்கும்?

வாசல் கோலத்தையும் இதே கண்ணோடு பாருங்கள். மயிலாப்பூரில் பழைய வீடுகள் இருந்த இடத்திலெல்லாம் குடியிருப்புகள் வந்துவிட்டன. பத்து வீட்டுக்கு ஒரு வாசல். காவலாளியின் மனைவி கீழே ஒரு கோலம் போடுகிறாள், மேலே நம் கதவுக்கு முன்னால் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. ஊரிலிருந்து பாட்டி வந்து தங்கும் பத்து நாள் மட்டும் அரிசி மாவு டப்பா வெளியே வரும். "பதினஞ்சு புள்ளி, ஊடுபுள்ளி, எட்டு வரைக்கும்" என்று பாட்டி தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வைப்பாள். பேத்தி பல் தேய்த்தபடியே பக்கத்தில் குந்திக்கொள்வாள். அவ்வளவுதான், உள்ளேயிருந்து நம் குரல்: "ஸ்கூல் வேன் வந்துடும், அங்க என்ன பண்றே?"

கோலம் அடுத்த தலைமுறைக்குப் போவது சரியாக அந்தக் குந்துதலில்தான். முதல் நாள் வேடிக்கை. இரண்டாம் நாள் ஓரத்துப் பூவுக்கு மாவு நிரப்பும் வேலை. பிறகு காவி பூசும் வேலை. ஒருநாள் பாட்டி இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "மிச்சத்தை நீ இழுத்துடு" என்பாள். இதற்குக் கட்டணமில்லை, சான்றிதழும் இல்லை. சிக்குக் கோலத்தில் கம்பி எங்கே திரும்பி எங்கே வந்து சேர்கிறது என்பதை விரல் தானாகக் கற்றுக்கொள்ளும்.

இதில் இன்னொரு செய்தி இருக்கிறது. தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் கோலத்தின் விதிகளைக் கணினி அறிவியலின் இலக்கணக் கோட்பாட்டோடு சேர்த்து ஆராய்ந்து 1974-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். நம் வாசல்படியில் கிடந்த ஒன்று உலகக் கணித அறிஞர்களின் கவனத்துக்குப் போன வழிகளில் அதுவும் ஒன்று. இதைச் சொல்லும்போதே எனக்குப் பயமாகவும் இருக்கிறது. தயவுசெய்து, கணக்கு நன்றாக வரும் என்பதற்காகப் பிள்ளையைக் கோல வகுப்பில் சேர்க்காதீர்கள். பாட்டியின் பக்கத்தில் ஐந்து நிமிடம் குந்த விடுங்கள், போதும். வேன் ஓட்டுநர் ஒருநாள் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும்.

மார்கழி வந்தால் ஊரே பாட்டாக இருக்கும். நம் வீட்டில் மட்டும் அரையாண்டுத் தேர்வு. விடியலில் நான்கு மாடவீதிகளிலும் பஜனை பாடிக்கொண்டு வலம் வரும் மரபை மயிலாப்பூரில் தழைக்கச் செய்தவர் பாபநாசம் சிவன். அவர் 1973-இல் மறைந்த பிறகும் அந்த பஜனை நின்றுபோகவில்லை. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, தூக்கக் கலக்கத்தில் ஜால்ராவைத் தப்புத் தப்பாகத் தட்டியபடி, முடிவில் கிடைக்கும் வெண்பொங்கலுக்காகவே பின்னால் போகலாம். குரல் நன்றாக இல்லாத பிள்ளையும் போகலாம். கூட்டத்தோடு பாடும்போது யாருக்குத் தெரியப்போகிறது? நாமோ அந்த நேரத்தில் பிள்ளையை எழுப்பிச் சமூக அறிவியல் புத்தகத்தைக் கையில் கொடுக்கிறோம். அதில் 'நமது பண்பாடு' என்று ஒரு பாடம் இருக்கும்.

பங்குனி இன்னும் மோசம். ஆண்டுத் தேர்வும் பொதுத்தேர்வும் நடக்கும் காலம் அது. கபாலீசுவரர் கோயில் பெருவிழாவில் மூன்றாம் நாள் காலை அதிகார நந்தி, ஐந்தாம் நாள் இரவு ரிஷப வாகனம், ஏழாம் நாள் தேர், எட்டாம் நாள் அறுபத்துமூவர். பத்துப் பதினைந்து நிமிட நடையில் இருக்கும் நாம் என்ன சொல்கிறோம்? "கூட்டம், வெயில், தூசி. யூடியூப்பில நேரலை வரும், சாப்பிடும்போது பார்த்துக்கலாம்." மாடவீதியில் பூக்கட்டி விற்கும் பெண்களின் பிள்ளைகளைக் கேட்டுப்பாருங்கள். எந்த நாளில் எந்த வாகனம், தேர் எந்த மூலையில் திரும்பத் திணறும், எந்தப் பந்தலில் மோர் நன்றாக இருக்கும், எல்லாம் சொல்வார்கள். அவர்களுக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை. அவர்கள் அங்கே இருந்தார்கள், அவ்வளவுதான்.

பண்பாட்டு வகுப்புக்குக் கட்டணம் கட்டும் நம் பிள்ளைகள் ஏன் அங்கே இல்லை?

அந்த எட்டாம் நாள் விழாவில் இருக்கும் கதையை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். பெற்றோராக மறுபடி ஒருமுறை கேட்போம். மயிலையில் சிவநேசர் என்ற வணிகர் வாழ்ந்தார். அவர் மகள் பூம்பாவை. ஞானசம்பந்தர் மேல் இருந்த அன்பில், தம் மகளை அவருக்கே மணம் செய்து கொடுப்பதென்று அப்பாவாகவே முடிவு செய்துவிட்டார். ஏழு வயதில் பூப்பறிக்கப் போன இடத்தில் பாம்பு தீண்டிப் பெண் இறந்துபோனாள். எலும்பையும் சாம்பலையும் குடத்தில் வைத்து அவர் காத்திருந்தார். சம்பந்தர் மயிலாப்பூர் வந்தார், குடத்தின் முன் நின்று பாடினார் என்று சொல்கிறது சேக்கிழாரின் பெரியபுராணம்.

அவர் பாடிய பதிகம் தேவாரத்தின் இரண்டாம் திருமுறையில் இருக்கிறது. அதில் அவர் அந்தப் பெண்ணுக்கு எதைச் சொல்லி அழைத்தார் என்று பாருங்கள். அடியாருக்குச் சோறிடுவதை முதலில் சொல்கிறார். அடுத்து ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழி ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று மாதம் மாதமாக மயிலையின் விழாக்களை வரிசையாகச் சொல்லி, இதையெல்லாம் பார்க்காமலா போகிறாய் என்று பாட்டுக்குப் பாட்டு கேட்கிறார். பன்னிரண்டு வயதுப் பெண்ணாக அவள் எழுந்து வந்தாள் என்பது புராணம். சிவநேசர் அப்போதும் தம் பழைய திட்டத்தைத்தான் எடுத்து நீட்டினார். உயிர் கொடுத்ததால் இவள் எனக்கு மகள் முறை என்று சொல்லிச் சம்பந்தர் மறுத்துவிட்டார்.

எனக்கு இந்தக் கதையில் சிவநேசரைப் பார்க்கும்போதுதான் நெஞ்சு அடைக்கிறது. மகள் மேல் உயிரையே வைத்திருந்த தகப்பன். நல்லதை மட்டுமே நினைத்தவர். ஆனாலும் மகளுக்கான முடிவு எல்லாம் அவர் கையிலேயே இருந்தது. சம்பந்தரும் ஒரு பிள்ளைதான். பதினாறு வயதுக்குள் வாழ்ந்து முடித்தவர் என்பது மரபு. ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையை உலகத்துக்குத் திரும்பக் கூப்பிட எடுத்துக்கொண்டது ஊர்த் திருவிழாக்களை. நீ வந்தால் இதைச் சாதிக்கலாம் என்று அவர் ஒன்றும் சொல்லவில்லை. பார்க்க வா என்றார். நம் வீட்டுப் பிள்ளைகளை அப்படி எதற்காவது, சும்மா பார்ப்பதற்காக, நாம் கூப்பிட்டிருக்கிறோமா?

பண்பாடு விட்டுப்போகுமோ என்ற கவலை வேறு ஊர்களிலும் இருக்கிறது. பிலிப்பைன்ஸ் நாட்டின் வடக்கே இலோகோஸ் நோர்ட்டே மாகாணத்தில் பாவோய் என்ற ஊர் இருக்கிறது. கிறித்தவர்களின் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தைய நாள் அங்கே குலிங்-குலிங் என்று ஒரு விழா. நனைத்த அரிசி மாவைத் தொட்டு, ஊர்ப் பெரியவர் வந்தவர்கள் நெற்றியில் வெள்ளைச் சிலுவை இடுவார். தேங்காய்ப்பால் சேர்த்த அரிசிப் பலகாரம் தின்று, கரும்பு மது குடித்து, தெருவில் ஆடுவார்கள். அந்தப் பகுதியின் இலோகானோ மக்கள் தங்கள் வழக்கங்களைப் பிள்ளைகளுக்குக் கைமாற்ற இப்படி விழாக்களை விடாமல் நடத்துகிறார்கள். நம் கோலத்தின் அதே அரிசி மாவு. நெற்றியில் அதை வாங்கிக்கொள்ள ஒரு குழந்தை எதிலும் ஜெயிக்க வேண்டியதில்லை, வரிசையில் போய் நின்றால் போதும்.

அவ்வளவு தூரம் போவானேன்? பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயிலில் ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்குக் காவி உடுத்தி நடந்து வரும் குடும்பங்களைப் பாருங்கள். தூங்கிய தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கும் அக்காவுக்கு ஒரு பொறுப்பு இருக்கிறது. தண்ணீர் பாட்டில் சுமக்கும் பையனுக்கும் இருக்கிறது. செப்டம்பர் 8 திருநாள் வரை அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு விழா என்பது தங்கள் கால் வலியும் சேர்ந்ததுதான்.

சிலர் என்னிடம் கேட்பார்கள்: போட்டி, பரிசு என்று இல்லாவிட்டால் இந்தக் காலத்துப் பிள்ளை எங்கே வரும்? கைபேசியை விட்டு நகருமா? நியாயமான கேள்வி. என் பதில், பிள்ளைக்கு வேலை கொடுங்கள் என்பதுதான். அறுபத்துமூவர் அன்று மாடவீதிகளைச் சுற்றி எத்தனை தண்ணீர்ப் பந்தல், எத்தனை அன்னதானம்! மோர் கலக்க, கோப்பை அடுக்க, புளியோதரை தொன்னையை நீட்ட, கீழே விழுந்த குப்பையைப் பொறுக்க எப்போதும் ஆள் போதாது. பத்து வயதுப் பையன் கையில் கரண்டியைக் கொடுத்து, வரிசையில் நிற்கும் தாத்தாவுக்கு மோர் ஊற்றச் சொல்லுங்கள். "நல்லா இருப்பா" என்று அந்தத் தாத்தா சொல்லிவிட்டுப் போவார். பையன் அடுத்த கோப்பைக்குக் கை நீட்டுவான். சம்பந்தர் தம் பட்டியலில் சோறிடுவதை முதலில் வைத்ததும் நினைவுக்கு வருகிறது.

கூட்டத்தில் தொலைந்துவிடுவான் என்ற பயம் எனக்கும் உண்டு. கையைப் பிடித்துக்கொண்டு கூட நிற்போம். வெயிலுக்குத் தொப்பி இருக்கிறது. தேர்வுக்கு மறுநாள் காலை இருக்கிறது. இதில் நாம் கொடுக்கப்போவது ஒரு மாலை நேரம். ஆண்டு முழுக்க வகுப்புகளுக்கு நாம் அள்ளிக் கொடுக்கும் மாலைகளில் அது ஒரு துளி.

அன்று மட்டும் கைபேசியைச் சட்டைப்பையில் போடுங்கள். பிள்ளையைப் படம் எடுக்காதீர்கள், ஒப்பிக்கச் சொல்லாதீர்கள், வீட்டுக்கு வந்ததும் "என்ன கத்துக்கிட்டே?" என்று கேட்காதீர்கள். நாயன்மார் பெயர் ஒன்றுகூட நினைவில்லை என்றாலும் விடுங்கள். பொம்மைக் கடையில் அரை மணி நேரம் நின்று ஒன்றும் வாங்காமல் திரும்பினாலும் விடுங்கள். சாமி வரும்போது அவன் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அதையும் விடுங்கள். அடுத்த ஆண்டு, "அந்த மோர்ப் பந்தலுக்குப் போகலாமா?" என்று அவன் கேட்டால் நமக்கு வேறென்ன வேண்டும்?

வருகிற பங்குனிக்கு நாள்காட்டியில் எட்டாம் திருநாளை இப்போதே வட்டம் போட்டு வையுங்கள். அன்று காலை டியூஷன் ஆசிரியருக்கு ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்: இன்று என் பிள்ளை வரமாட்டான், மாடவீதியில் மோர் ஊற்றப் போகிறான்.